‘ஒண்ணுமில்ல சார், ஆடறேன்’ என்று பையன் சொல்லும்போது ரெஃபரி என்ன செய்ய வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். பெங்களூர் ஆஸ்டின் டவுன் பக்கம் கோடை விடுமுறையில் நடந்த பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஃபுட்பால் டோர்னமென்டில், ஆள் கிடைக்கவில்லை என்று உங்களை விசில் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு கார்னர் கிக்கில் இரண்டு பையன்கள் எகிறித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோச் ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றினார், பையன் ‘ஒண்ணுமில்ல சார், ஆடறேன்’ என்றான், நீங்கள் உள்ளே விட்டீர்கள். அன்று ராத்திரி வீட்டில் இரண்டு முறை வாந்தி. இப்போது நன்றாக இருக்கிறான் என்கிறீர்கள், ஆனால் அவன் அப்பா உங்களைத் தேடி வந்து ‘நீங்க எப்படி விட்டீங்க?’ என்று கேட்டிருக்கிறார். இதில் ரெஃபரியின் வேலை எது, கோச்சின் வேலை எது, டாக்டரின் வேலை எது என்பது உங்கள் கேள்வி.

பதிலுக்கு முன்னால் ஒரு அவசரமான விஷயம். பையனை டாக்டரிடம் காட்டினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஹோசூர் ரோட்டில் நிமான்ஸ், அதாவது மூளை, நரம்பு, மனநலத்துக்கான அரசு ஆஸ்பத்திரி, அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, தலைக்காயத்துக்கு எந்த நேரமும் பார்ப்பார்கள். இதுவரை காட்டவில்லை என்றால், இப்போது ஓடியாடிக்கொண்டிருந்தாலும், ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பந்தைத் தொடக் கூடாது.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அவனை உள்ளே விட்டிருக்கக் கூடாது. கோச்சும்தான் தவறு செய்தார், அமைப்பாளர்களும்தான் செய்தார்கள், பயிற்சியே இல்லாத உங்கள் கையில் விசிலைக் கொடுத்தது அவர்கள்தானே. ஆனாலும் அந்த நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தவும் ஒரு பையனை வெளியே அனுப்பவும் மைதானத்தில் முழு அதிகாரம் இருந்த ஒரே ஆள் நீங்கள். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் சின்னப் பிள்ளைகள் மேட்சுக்கு விசில் ஊதுகிறேன். இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது, பையனுக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, அது நமக்குத் தெரியவும் தெரியாது. சந்தேகம் வந்ததா, அவன் வெளியே. அவ்வளவுதான் நம் வேலை. அவன் நன்றாக இருக்கிறானா என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் அங்கேதான் தப்பு நடக்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பதினைந்து வருடம் முன்னால் ஒரு பள்ளி மைதானம், பதினான்கு வயதுப் பையன்கள். கோல்கீப்பரின் முழங்கை ஒரு பையனின் காதுக்கு மேலே பட்டது. விழுந்தான், உடனே எழுந்தான், மண்ணைத் தட்டிக்கொண்டான். மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. நான் கேட்டேன், கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். ஆட்டம் தொடர்ந்தது. நான்கைந்து நிமிடம் கழித்து பந்து வெளியே போயிருந்தபோது அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ‘சார், நாங்க எந்தப் பக்கம் அடிக்கணும்?’ என்று கேட்டான். இரண்டாவது பாதி ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் பார்வை என்னிடம் இல்லை. ஷூ லேஸ் கட்டியபடியே இருந்தது, அதைக் குனிந்து அவிழ்த்துத் திரும்பக் கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

அப்போதுதான் வெளியே அனுப்பினேன். அந்த நான்கைந்து நிமிடத்தில் அவன் ஒரு ஹெடருக்கு, அதாவது பந்தைத் தலையால் முட்ட, எகிறியிருந்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வாரம் தலைவலி, வகுப்பில் போர்டைப் பார்த்தால் குமட்டல், பரீட்சை ஒன்று எழுதவில்லை என்று பின்னால் அவன் அம்மா சொன்னார். பிறகு சரியாகிவிட்டான். இரண்டாவது அடி விழவில்லை என்பதால் சரியானான், அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இரண்டாவது அடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், கன்கஷன் என்பது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கிப்போவது. மண்டை உடைய வேண்டியதில்லை, நினைவு தப்ப வேண்டியதும் இல்லை, பெரும்பாலான கன்கஷனில் நினைவு தப்புவதே கிடையாது. தலையில்தான் அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, உடம்பு பலமாக உதறப்பட்டாலும் வரும். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மூளையின் வேலையில்தான் கோளாறு, படத்தில் தெரிகிற மாதிரி உடைசல் எதுவும் இருக்காது. பிள்ளைகளுக்கு இது ஆறப் பெரியவர்களைவிட அதிக நாள் பிடிக்கும். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது லேசான அடியாகவே இருந்தாலும், மூளை சட்டென்று வீங்கிவிடலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் நடக்கிறது, உயிரே போகலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையனுக்கு அவர்கள் ஊர் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு அதே மேட்சில் திரும்ப இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன். உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நடக்கவும் பல வருடம் போராட வேண்டியிருந்தது. 2009இல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது: கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆடவிடக் கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. உங்கள் மேட்சில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான், அதே மேட்ச், கொஞ்ச நேரம் உட்காரவைப்பு, திரும்ப உள்ளே.

நடுவில் நின்று பார்க்கிற நமக்கு எதெல்லாம் கண்ணில் படும்? அடிபட்டவன் அசையாமல் கிடப்பது, எழுந்திருக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பது, எழுந்தவன் தள்ளாடுவது, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வது, சூனியத்தைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை, கேட்டதற்கு நேரம் கழித்துப் பதில், காரணமில்லாத அழுகை அல்லது கோபம். இதில் ஒன்று போதும். பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்: இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன மேட்ச் யாரோடு ஆடினீர்கள், ஜெயித்தீர்களா? வீட்டில் பேசுகிற மொழியில் கேளுங்கள். நம் ஏரியாவில் ஒரே டீமில் தமிழ்ப் பையன், கன்னடப் பையன், உருதுப் பையன் எல்லாரும் இருப்பார்கள், தலை சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் இங்கிலீஷில் கேட்டால் அவன் திணறுவது அடியாலா மொழியாலா என்று உங்களுக்கே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்பாகப் பதில் சொன்னால் வெளியே அனுப்பத்தான் இந்தக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டான், அதனால் ஆடலாம் என்று முடிவுகட்டாதீர்கள். கன்கஷன் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரும்.

பையன் சொல்வதையும் நம்பாதீர்கள். பொய் சொல்கிறான் என்பதற்காகச் சொல்லவில்லை. ‘ஏனூ ஆகில்லா சார்’, ‘குச் நை ஹுவா சார்’, ‘ஒண்ணுமில்ல சார்’ என்று மூன்று மொழியிலும் கேட்டிருக்கிறேன், அடிபட்ட மூளையாலேயே தனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். அதோடு நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றும் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்ட ராமனும், 1962இல் ஜகார்த்தாவில் ஏசியாட் தங்கம் வாங்கிய அணியின் அருமைநாயகமும் பெங்களூர்த் தமிழர்கள். அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட தெருவில் வளர்ந்த பையன் அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லாரும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது ‘எனக்கு முடியல’ என்று சொல்லமாட்டான். அவனுக்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

கோச்சோடு விவாதம் வேண்டாம். நான் சொல்வது எப்போதும் இரண்டே வாக்கியம்: ‘கோச், இந்தப் பையனுக்கு இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. வேற ஆளை அனுப்புங்க.’ ஏன், எப்படி, நீங்க டாக்டரா என்று கேட்பார்கள். டாக்டர் இல்லை, அதனால்தான் வெளியே அனுப்புகிறேன் என்பேன். சிலர் கத்துவார்கள், கத்தட்டும். பெரியவர்கள் ஆட்டம் மாதிரி மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துபோவார்களே என்ற கவலையும் இங்கே தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் போட்டியில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவர் திரும்ப வரலாம் என்று அமைப்பாளர்கள் வைத்துக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் கொடுக்கின்றன. டோர்னமென்ட் ஆரம்பிக்கும் முன்பே அப்படி வைக்கச் சொல்லுங்கள். மாற்ற ஆள் இருக்கிறது என்றால் கோச் பிடிவாதம் பிடிப்பதும் பாதியாகக் குறையும்.

விதி என்ன சொல்கிறது என்று தெரிந்தால் குரல் தானாக உறுதியாக வரும், அதனால் அதையும் சொல்கிறேன். ஃபுட்பால் ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதிப்படி லேசான அடி என்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டத்தை ஓடவிடலாம், பலமான அடி என்றால் ரெஃபரி நிறுத்தியே ஆக வேண்டும். எது பலமான அடி என்பது அவர் முடிவு. தலையில் பட்டது எல்லாமே பலமான அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், எதிரணி கோல் போடப் போகிற நேரமாக இருந்தாலும் விசில் அடியுங்கள், டிராப் பால் போட்டு, அதாவது நீங்களே பந்தைத் தரையில் விட்டு, மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம். அடிபட்டவரை வெளியே கொண்டுபோய்த்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. கோல்கீப்பருக்கு அடிபட்டாலோ, கோல்கீப்பரும் இன்னொருவரும் மோதிக்கொண்டாலோ, ஒரே அணி ஆட்கள் இருவர் மோதிக்கொண்டாலோ, காயம் கடுமையாக இருந்தாலோ உள்ளேயே பார்க்கலாம். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால் யாரும் தூக்கக் கூடாது, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை அசையாமல் பிடித்தபடி அங்கேயே இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனாலும் சரி.

அடுத்தது, நீங்கள் கேட்காதது, ஆனால் எனக்கு இதைவிடப் பயமானது. யாரும் தொடாமல், யாரோடும் மோதாமல், ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை அப்படியே சரிந்தால் இதயம் நின்றுபோனது என்றே எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் அப்படித்தான் விழுந்தார், பக்கத்தில் யாரும் இல்லை. ரெஃபரி ஆன்டனி டெய்லர் சில நொடிகளில் விசில் அடித்து மருத்துவக் குழுவை உள்ளே கூப்பிட்டார். நெஞ்சை அமுக்கினார்கள், மின் அதிர்ச்சிக் கருவியை வைத்தார்கள், அவர் பிழைத்து அடுத்த வருடமே திரும்ப ஆட வந்தார். நம் ஊரில் 2004 டிசம்பர் 5, கண்டீரவா ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கப் ஃபைனல். டெம்போ கிளப்பின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகான் கிளப்புக்கு எதிராகத் தன் இரண்டாவது கோலை அடித்த அதே நொடியில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. 25 வயது. அவசர மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று அப்போது நாடு முழுக்கப் பேசினார்கள். அது நாட்டின் பெரிய போட்டி ஒன்றின் ஃபைனல். நம் தெரு டோர்னமென்டில் என்ன இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு வலி ஸ்ப்ரே.

விழுந்த பிள்ளை கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் உடனே மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் அமுக்க ஆரம்பியுங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அமுக்கினால் பலன் இல்லை. தெரிந்தவர் இருந்தால் முப்பது அமுக்கலுக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதலாம், பிள்ளைகளுக்கு அது முக்கியம். தெரியாவிட்டால் அமுக்குவதை மட்டுமாவது நிறுத்தாதீர்கள். இரண்டு விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மீன் தரையில் வாயைத் திறந்து மூடுவதுபோல அவ்வப்போது ஒரு இழுப்பு வரும், அது மூச்சு கிடையாது, இதயம் நின்ற பிறகும் வரும். கை கால் லேசாக வெட்டி இழுக்கும், அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். மின் அதிர்ச்சிக் கருவியும் இல்லை, அமுக்குவதும் இல்லை என்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். பந்து நெஞ்சில் பலமாகப் பட்டு இதயம் தாளம் தவறி நின்றுபோவதும் உண்டு, அதுவும் நெஞ்சுக்கூடு இன்னும் உறுதியாகாத வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அதற்கும் இதே வைத்தியம்தான்.

உண்மையான வலிப்பாகவே இருந்தாலும் சாவிக்கொத்து எதுவும் செய்யாது. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தலைக்கு அடியில் ஒரு ஜெர்சியை மடித்து வையுங்கள், இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மூச்சு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். முகத்தில் சோடா அடிப்பது, மயங்கிக் கிடப்பவன் வாயில் குளுக்கோஸ் கரைத்து ஊற்றுவது எல்லாம் நம் மைதானங்களில் இன்னும் நடக்கிறது. நினைவில்லாதவன் வாயில் ஊற்றியது நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும்.

இதையெல்லாம் விழுந்த பிறகு யோசிக்க முடியாது, அதனால் நான் மேட்சுக்கு அரை மணி முன்னால் போய்விடுவேன். போனதும் முதலில் பார்ப்பது கேட். மாநகராட்சி மைதானங்களில் ஆள் நுழைய ஒரு சின்ன வழி திறந்திருக்கும், வண்டி நுழைகிற பெரிய கேட்டுக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். கேட்டுக்கு முன்னால் இருபது பைக். ஒருமுறை கால் எலும்பு முறிந்த பையனுக்காக வந்த ஆம்புலன்ஸ் வெளியே நின்றபடி ஹாரன் அடித்தது, நாங்கள் ஒவ்வொரு பைக்காகத் தூக்கி நகர்த்தினோம். கால் எலும்பு என்பதால் பிழைத்தான், நெஞ்சாக இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் போதாதா? அன்றிலிருந்து கேட் திறக்காமல் டாஸ் போடமாட்டேன். 108க்கு யார் போன் பண்ணுவது, என்ன லேண்ட்மார்க் சொல்வது, யார் தெருமுனையில் நின்று வண்டியைக் கூட்டிவருவது என்று மூன்று பேரைப் பெயர் சொல்லி நிறுத்திவிடுவேன். ‘யாராவது போன் பண்ணுங்கப்பா’ என்றால் யாரும் பண்ணமாட்டார்கள்.

பிறகு இரண்டு கோச்சிடமும் தனித்தனியாகக் கேட்பேன்: யாருக்காவது வீஸிங், வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு உண்டா? மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்கக் கூடாது, கேட்டால் மறைப்பார்கள். ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறான், நெஞ்சு வலிக்கிறது என்கிறான், வீட்டில் யாரோ சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் டாக்டர் பார்க்காமல் அவனை ஆடவிடக் கூடாது. பெங்களூரில் தூசிக்கும் மகரந்தத்துக்கும் குறைவில்லை, ஒவ்வொரு டீமிலும் ஓரிருவருக்கு வீஸிங் இருக்கும். அந்த நீல இன்ஹேலர் பையன் பையில், பை வேன் டிக்கியில் என்றால் பிரயோஜனம் இல்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிற பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரவையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் திணறினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கோல் போஸ்டை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். தூக்கி வைக்கிற இரும்பு போஸ்ட் சாய்ந்து பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், தரையோடு உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று முதல் விதியிலேயே இருக்கிறது. கம்மல், காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். கோயில் கயிறு என்றால் அம்மாவைக் கூப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள், இதுவரை யாரும் மறுத்ததில்லை. பெண் பிள்ளைகள் மேட்ச் என்றால் டீமோடு ஒரு பெண் வந்திருக்கிறாரா என்று பார்த்துவையுங்கள், அடிபட்ட பிள்ளையை நாமாகத் தொட்டுப் பார்க்காமல் அவரைக் கூப்பிடலாம்.

வெயில். பெங்களூரில் என்ன வெயில் என்பார்கள், 2024 ஏப்ரலில் 38 டிகிரியைத் தாண்டியது. அதிலும் செயற்கைப் புல் டர்ஃப் காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகச் சுடும், வெறும் கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் மேட்சை மாலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். தண்ணீருக்கு ஒரு நிமிடமும், உடம்பு குளிர ஒன்றரை முதல் மூன்று நிமிடமும் நிறுத்தலாம் என்று ஏழாவது விதியே சொல்கிறது, பாதிக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துங்கள். சீஃப் கெஸ்ட் வரப்போகிறார், சீக்கிரம் முடியுங்கள் என்று மைக்கில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். வெயிலில் ஓடிய பிள்ளை உளறினால், தள்ளாடினால், வேர்த்துக்கொண்டிருந்தாலும்கூட அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் ஜெர்சியைக் கழற்றி ஐஸ் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், முடிந்தால் தொட்டியில் உட்காரவையுங்கள். வண்டி வரட்டும் என்று சும்மா நிற்கக் கூடாது, குளிரவைப்பது அங்கேயே ஆரம்பிக்க வேண்டும்.

அதே ஏப்ரல், மே மாத சாயங்காலத்தில் மாங்காய் மழை இடியோடு வரும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவில் முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். மரத்தடி வேண்டாம், தகரக் கொட்டகை வேண்டாம், இரும்பு வேலி ஓரம் வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் வந்தால் வெளியே, நின்ற பிறகு, ஜெர்சியிலும் ரத்தம் இல்லை என்று நீங்கள் பார்த்த பிறகுதான் உள்ளே. நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்து, எதிர்க் கடையில் ஒரு நந்தினி பால் பாக்கெட் வாங்கி அதில் போட்டு, அரை மணிக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. எலும்பு கோணியிருந்தால் யாரும் இழுத்து நேராக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பந்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள், அவர்களுக்கு நாலாம் நம்பர் பந்து போதும். அமெரிக்காவில் 2015இல் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஹெடர் போடுவதற்கே தடை அறிவித்தார்கள். நம் தெரு டோர்னமென்டிலும் அப்படி ஒரு விதி வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கு அதில் முழுச் சம்மதம்.

மேட்ச் முடிந்த பிறகு உள்ள வேலையைத்தான் நீங்களும் விட்டுவிட்டீர்கள், பலரும் விடுகிறார்கள். தலையில் அடிபட்ட பையனை அவன் வீட்டு ஆளிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும், யாரும் வரவில்லை என்றால் போனில் பேச வேண்டும், கோச் சொல்லிவிடுவார் என்று போய்விடக் கூடாது. நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன்: இத்தனை மணிக்குத் தலையில் அடிபட்டது, இன்று தனியாக விடாதீர்கள், வாந்தி தொடர்ந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், எழுப்ப முடியாத தூக்கம், குழறல், வலிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது, கை கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தூங்கவே விடக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்கள், அசதியில் தூங்கலாம், பக்கத்தில் ஒருவர் இருந்து எழுப்பினால் எழுந்திருக்கிறானா என்று பார்த்தால் போதும். பிறகு மேட்ச் ரிப்போர்ட்டில் அதை எழுதுங்கள், நேரம், எப்படி, யார் பார்த்தார்கள், என்ன செய்தீர்கள். கோல் போட்டவர் பெயரை எழுதுகிறோம், இதை எழுத மறந்துவிடுகிறோம்.

பிரிட்டனில் 2023இல் சாதாரண மக்கள் விளையாட்டுக்கென்று வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். அதில் கன்கஷன் ஆனவர் அடிபட்ட நாளிலிருந்து 21ஆவது நாளுக்கு முன்னால் போட்டியில் ஆடக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் நடை, பள்ளிக்கூடம், லேசான ஓட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும், தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். நான் அதைத்தான் பின்பற்றச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் விஷயம். இன்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம், ‘அண்ணா, நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை, தப்புதான்’ என்று சொல்லுங்கள், கோச்சை இழுக்காதீர்கள். டாக்டரிடம் போக வேண்டும் என்றால் கூடவே போங்கள். டோர்னமென்ட் இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்தப் பையன் பெயரை வரும் மேட்சுகளின் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அமைப்பாளர்களிடம் எழுத்தில் கொடுங்கள். மோதிய இன்னொரு பையன் என்ன ஆனான்? அவனைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, இரண்டு தலையும்தானே மோதின. அவன் வீடு எங்கே என்று விசாரித்து அங்கேயும் போய்விட்டு வந்து எழுதுங்கள்.